சின்னவன் அறை ஜன்னலுக்கு ஒரு கைப்பிடி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு அதுதான். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், படியேறும்போது நடுவில் நின்று யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார், வலிக்காக நின்றேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்குத் தையல் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே வருஷத்தில் வளர்ந்து தொலைத்திருக்கிறார்கள், கால்சட்டைகளின் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்காக உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, கூடத்தில் பேசினாலும் சமையலறையில் பேசினாலும் சின்னவன் அறைக்குக் கேட்கும். அதனால்தான் தம்பி எப்படி இருக்கான் என்று நீ கேட்கும்போதெல்லாம் இருக்கான் என்று ஒரு வார்த்தையில் நிறுத்திக்கொள்கிறேன், நீயும் ஏம்மா மழுப்புறே என்று கோபித்துக்கொள்கிறாய். அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவனைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரைபட ஆபீஸில் ஆட்களைக் குறைத்தபோது இவனையும் நிறுத்தினார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் வேலை கேட்டு இரண்டு மூன்று இடத்துக்குப் போய் வந்தான், பிறகு போவதை நிறுத்தினான், பிறகு அறையை விட்டு வருவதையே நிறுத்திவிட்டான். நீ நினைக்கிற மாதிரி அவ்வப்போது வெளியே வருகிறான் என்பதெல்லாம் நான் சொன்ன பொய். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நானும் அப்பாவும் சமையலறைக்குள் போய்விட வேண்டும், அப்போதுதான் கதவு ஒரு கை அகலம் திறக்கும். குளிப்பது கொள்வது எல்லாம் நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான். சித்தப்பா வந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டி, நாலு சாத்து சாத்தினா எல்லாம் சரியாப் போயிடும் என்று கத்திவிட்டுப் போனார், அதற்குப் பிறகு தட்டில் வைத்த சாப்பாடு பாதி திரும்பி வந்தது. டாக்டரிடம் போனேன், பையனைக் கூட்டிட்டு வாங்க என்றார், கூட்டிக்கொண்டு வர முடிந்தால் நான் ஏன் சார் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன் என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து பேசுகிற ஒருவர் இருக்கிறாராம், நம் முறை வர நாளாகுமாம், அதுவரை வற்புறுத்தாதீங்க, பேச்சை மட்டும் விட்டுடாதீங்க என்றார். பேச்சு என்றால் நான் பேசுவேன், அவன் ம் என்பான், சில நாள் அந்த ம்மும் வராது. ஊரெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைப் பிளந்து வெளியே எடுக்கிற மனுஷன் உன் அப்பா, வீட்டுக்கு வந்தால் அந்தக் கதவைப் பார்க்காத மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருகிறார்.

இப்படி இருக்கும்போதுதான் வெயில் வந்தது. சாலை இரைச்சல் கேட்கக் கூடாது என்று போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல்தானே அந்த அறையில், மூடிவிட்டால் பஸ் சத்தமும் வராது, காற்றும் வராது. ஒரு நாள் மத்தியானம் தட்டை எடுக்கப் போனேன், தட்டு கழுவின மாதிரி காலியாக இருந்தது, நடுவில் ஜன்னல் கைப்பிடி கிடந்தது, கழுத்தோடு முறிந்து. எதுவும் சொல்லவில்லை, வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டான். ஜன்னல் மூடின நிலையில் முறிந்திருக்கிறது, திறக்க வழியில்லை. கதவின் கீழ் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன், அடுப்புப் பக்கத்தில் வைத்த மாதிரி சூடு அடித்தது. அப்படியே அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் சாமான் விற்கிற கடைக்கு ஓடினேன். ஒரு கைப்பிடிதானே, காட்டினால் அதே மாதிரி ஒன்றைத் தருவார் என்று நினைத்தேன். கடைக்காரர் சுவர் முழுக்கக் கைப்பிடியாக மாட்டி வைத்திருக்கிறார், ஒன்றைப் போல ஒன்று இல்லை. அம்மா, நீங்க கொண்டு வந்தது வெறும் புடிதான், ஜன்னல்ல நிக்கிற அடிப்பகுதியும் அதுக்குப் பின்னாடி இருக்கிற சதுரக் கம்பியும்தான் முக்கியம், ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல எவ்வளவு, கம்பி எவ்வளவு நீளம், இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா, என்ன கலர், பூட்டு வெச்சதா வெக்காததா, இதெல்லாம் தெரியணும், இல்லன்னா பழசைக் கழட்டி அப்படியே கொண்டாந்துடுங்க, நான் பார்த்துக்கிறேன் என்றார்.

கழற்றிக் கொண்டு போனால் ஒரே நடையில் முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து அவன் கதவு முன்னால் நின்றதும் எனக்கு வேறு புத்தி வந்தது. கழற்றிக் கொடு என்றால் தட்டில் வைத்துவிடுவான், அதோடு முடிந்தது. அதனால் அதைச் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். என் தையல் டேப்பைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டேன், அப்பாவின் திருப்புளியைத் தட்டில் வைத்துவிட்டு நாங்கள் சமையலறைக்குள் போய் வந்தோம். மூடி மாதிரி ஒன்று இருக்குமாம், அதைத் திருப்பினால் உள்ளே ஸ்க்ரூ தெரியுமாம் என்று சொன்னேன். தெரியுது என்றான். ம் இல்லை பெரியவளே, தெரியுது என்று முழு வார்த்தை. ரெண்டுக்கும் நடுவில் ஒன்றரை இஞ்ச் இருக்குமாடா என்று கேட்டேன். இஞ்ச்ல சொல்லாதேம்மா, நாப்பத்தி மூணு மில்லிமீட்டர் என்றான். எனக்கு நன்றாகக் கேட்டது, ஆனாலும் என்னடா சொன்னே, மெஷின் சத்தத்துல கேக்கலை என்றேன். மெஷின் ஓடவே இல்லை. அவனும் அதைச் சொல்லாமல், நாப்பத்தி மூணும்மா என்று மறுபடி சொன்னான். இதற்குள் அப்பாவுக்கும் தைரியம் வந்து கதவுக்குப் பக்கத்தில் வந்தார், கம்பியை மட்டும் சொருகி பிளையரால திருப்பிப் பாருடா, திறந்தாலும் திறக்கும் என்றார். திருப்பிப் பார்த்தேன்பா, முனை தேஞ்சிருக்கு, வழுக்குது என்றான். நான் வேணா வந்து பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். வேணாம்ப்பா, நானே பார்த்துக்கிறேன் என்றான். சமையலறைக்கு வந்து அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்கிட்டயும் பேசிட்டான் என்றார். வேண்டாம் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை. என்ன கலர் வேணும் என்று கேட்டதற்கு எதுன்னாலும் சரி என்றான். அப்படிச் சொன்னா கடைக்காரர் தர மாட்டாராம் என்று ஒரு பொய்யைப் போட்டேன். வெள்ளை என்றான். இது வேண்டும் என்று அவன் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று, எனக்கு வாங்கிக் கொடுக்க இருந்தது ஒரு வெள்ளைக் கைப்பிடிதான்.

மிச்சம் இருந்தது பூட்டு. அதை அவனிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கடைக்காரரிடம் என் பையன் அறைக்குத்தான், பூட்டு எதுக்குங்க என்று கேட்டிருந்தேன், வீட்ல சின்னக் கொழந்தைங்க இருந்தா, மாடி வீடா இருந்தா, பூட்டு வெச்சது எடுங்க, சாவியைக் கழட்டி வெச்சுக்கலாம், பையனுக்கு என்ன வயசு என்றார். இருபத்தாறு என்றேன். சிரித்துவிட்டு, அப்ப எதுக்கும்மா, வேண்டாத செலவு என்றார். நம் வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன், நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். அன்றைக்குச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் அவனுக்குக் கேட்காமல் அப்பாவும் நானும் சண்டை போட்டோம். பூட்டு வெச்சதுதான் வாங்கணும், சாவி நம்மகிட்ட இருக்கட்டும் என்கிறார் அவர். பூட்டிட்டா காத்து எப்படி வரும், பிள்ளை வெந்து போவான் என்கிறேன் நான். காத்து முக்கியமா பிள்ளை முக்கியமா என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் விடவில்லை, நீங்க நெனைக்கிறதை நெனைக்காதீங்க என்றேன், நீ நெனைக்கலையா என்றார், என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர் சொன்னபடி பூட்டு வைத்ததையே வாங்கி வந்தேன், இரண்டு சாவி கொடுத்தார்கள். வாங்கி வந்து மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா கேட்டார், ஏண்டி, இதைப் பூட்டணும்னா யார் உள்ளே போறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பூட்டு இருப்பது ஜன்னலுக்கு உள்பக்கம், அவன் இருப்பதும் உள்பக்கம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வெளியே நின்று என்ன செய்ய. குழாயைக்கூடத் திறக்காமல் சிரித்துவிட்டோம், சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பிடியையும் இரண்டு சாவியையும் சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேறு வழி இருந்ததா, நீயே சொல்.

அதுவும் ஒரே தடவையில் பொருந்தவில்லை. நான் கேட்டு எழுதின அளவுதானே, கம்பியை அடியிலிருந்து நுனிவரை முழுசாக அளந்து சொல்லியிருக்கிறான், கடைக்காரரோ அதை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அளவு மட்டும் என்று எடுத்துக்கொண்டு நீளமான கம்பியாகக் கொடுத்திருக்கிறார். கைப்பிடி சட்டத்தோடு ஒட்டாமல் விலகி நின்றதாம். எட்டு மில்லிமீட்டர் எடுக்கணும்பா என்று கதவுக்குள்ளிருந்து சொன்னான், அவனாகவே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான். அவன் கழற்றித் தட்டில் வைத்த கம்பியை அப்பா சமையல் மேடையில் வைத்து ரம்பத்தால் அறுத்தார், எத்தனை இரும்பு அறுத்த கை அது, இதற்கு மட்டும் இரண்டு தடவை அளந்து பார்த்துத்தான் ரம்பத்தை வைத்தது. அறுத்து, அரத்தால் முனையைத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, பிள்ளை கையில் கீறிவிடக் கூடாது என்று மறுபடி தேய்த்தார். தட்டில் வைத்தோம். உள்ளே ஸ்க்ரூ முறுக்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு டக். உடனே கதவின் கீழே இருந்து பஸ் சத்தம், ஹாரன் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம் எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டது, என் தையல் மெஷின்மேல் கிடந்த நூல் துணுக்குகள் எல்லாம் பறந்தன. ஜன்னல் திறந்துவிட்டது.

திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. சின்னவனே என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்பா கூப்பிட்டார், பதில் இல்லை. பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. எப்படிப் படியிறங்கினேன் என்று கேட்காதே. தெருவைத் தாண்டி எதிர்ச் சாரிக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். இருந்தான், பெரியவளே. ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, தாடியும் தலைமுடியுமாக, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். இளைத்திருக்கிறான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் பிள்ளை முகத்தை நான் தெருவில் நின்று பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்துவிட்டான். அம்மா, அங்க என்ன பண்றே என்று மேலிருந்து கேட்டான். பால் வாங்க வந்தேன்டா என்றேன். கையில் பையும் இல்லை, காசும் இல்லை. என் காலைப் பார்த்துவிட்டு, செருப்பு போட்டுக்கிட்டுப் போம்மா, தார் ரோடு சுடும் என்றான். அப்போதுதான் கால் சுடுவதே தெரிந்தது, ஆனாலும் நகரவில்லை. படியேறி வீட்டுக்குப் போனால் கதவைத்தான் பார்க்க வேண்டும், அதனால் அவன் உள்ளே போகிறவரை அங்கேயே நின்றேன்.

கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அதனால் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே, டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடியும் வந்துவிடாதே. வீட்டுக்கு வந்து பேசுகிறவர் வரட்டும், டாக்டர் மறுபடி தகவல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் அவன் ஜன்னலுக்கு வருகிறான், நானும் எதையாவது சாக்கு வைத்து இறங்கிப் போய் எதிர்ச் சாரியில் நிற்கிறேன், இரண்டு நாளாக அப்பாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூட வருகிறார். என்ன பார்க்கறீங்க என்று கீழ்வீட்டுக்காரி கேட்டாள், சும்மா காத்து வாங்கறோம் என்றார் அப்பா. இவ்வளவுதான் எங்களால் ஆகிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, குழந்தையை ஜன்னல் பக்கம் தனியாக விடாதே, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். உன் குடும்பம் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்கட்டும், நீங்கள் எல்லோரும் நீடு வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். தம்பிக்குப் போன் போடு, எடுக்காவிட்டாலும் விடாமல் போடு. எடுத்தால் எப்படி இருக்கே, ஏன் இப்படி இருக்கே, வேலை தேடினாயா என்று எதையும் கேட்காதே. உன் வீட்டு ஜன்னல் கைப்பிடி ஆடுகிறது என்று ஒரு பொய் சொல்லு, எப்படி அளப்பது என்று கேள். அளவு கேட்டால் பதில் சொல்கிறான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா