தேறியவள்

திண்டிவனம்,
18-7-1957

கோலார் தங்கவயலில் சுரங்க வேலையிலிருக்கும் என் வீட்டுக்காரர் தேவசகாயம் அவர்களுக்கு, உங்கள் மனைவி சவுரியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் காகிதம் வந்தது. நான் நன்றாகத் தேறிவிட்டேன் என்று உங்கள் தம்பி எழுதினாராம். அதைப் படித்து மனம் நிம்மதியானதாம். அதனால் நம் பிள்ளை பூமாலையின் வருஷப் பூசைக்கு லீவு கேட்கவில்லையாம். நன்றாக இருக்கிறது உங்கள் நிம்மதி. பிள்ளையை அம்மைக்கு வாரிக் கொடுத்தவள் எப்படித் தேறினாள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உங்களுக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாசம் பட்டணத்திலிருந்து படித்த அம்மாள் ஒருவர் வந்தார். அம்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நாங்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறோம் என்று அளந்து பார்க்க வந்தாராம். துக்கத்தை அளக்கவும் ஆள் வருகிறது, பாருங்கள். கோவிலில் எங்களை உட்கார வைத்து, சுத்தத் தமிழில் கேள்வி கேட்டு, பதிலுக்கு மார்க்கு போட்டார்.

நமக்குத் தெரிந்த கேள்வி பதில் ஞானோபதேசம்தானே. உபதேசியார் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு சரியான பதிலை ஒப்பிப்போம், தப்பினால் பிரம்படி. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். துன்பத்தில் ஆறுதல் கண்டாயா என்றார். கண்டேன் என்றேன். யாரிடம் என்றார். சர்வேசுரனிடம் என்றேன். தூக்கம் வருகிறதா என்றார். வருகிறது என்றேன். தெருவிலேயே முதல் மார்க்கு எனக்குத்தான். இவளைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். அதைத்தான் உங்கள் தம்பி எழுதியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் என்ன செய்தாள் தெரியுமா? "இன்னாத்துக்கு எங்களப் பேஜாரு பண்ணிக்கினு கீற? எம் பொண்ணக் குடு, அப்பால கேளு" என்று கத்தி, மண்ணை வாரி அந்த அம்மாள் மேல் இறைத்துவிட்டாள். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. நேரே விழுப்புரம் போய், ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டை எட்டிப் பார்க்காமலிருந்த அவள் புருஷனைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். இப்போது அவன் தினம் சாயந்திரம் ரயிலில் வந்துவிடுகிறான். இரண்டு பேரும் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், திரும்பவும் அழுகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உபதேசியாரிடம் போய், நான் சொன்னதெல்லாம் பொய், மார்க்கை மாற்றச் சொல்லுங்கள் என்று அழுதேன். "நல்ல பேரு வாங்கிக்கினு ஏம்மா கெடுத்துக்கிற" என்கிறார்.

இன்றைக்கும் கேப்பைக் கூழை இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன். ஒன்றை நாய்க்கு வைத்தேன்.

நான் தேறவில்லை. உங்கள் மேல் எனக்கு அடங்காத ஆத்திரம். மண்ணை வாரி இறைக்கலாமென்றால் தங்கவயல் வரைக்கும் என் கை எட்டாது. பூசை 29-ம் தேதி திங்கட்கிழமை காலையில்.

சர்வேசுரன் உங்களைச் சுரங்கத்தில் ஒரு ஆபத்தும் வராமல் காப்பாராக. கை கால் சுகம் கொடுப்பாராக. நம் வீட்டு வாசலை மிதிக்கும் வரைக்கும் ஆறுதலை மட்டும் உங்களுக்குக் கொடுக்காதிருப்பாராக.

இப்படிக்கு,
பூமாலையின் தாயார்
சவுரியம்மாள்