வண்டியில் இரண்டு கண்ணாடி

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே அனல் காற்று. வேலைகள்: ஸ்கூட்டர் முன் டயருக்குக் காற்று, பிரஷர் மாத்திரை, பேங்க். முதல் இரண்டும் ஆயிற்று. பேங்க் போகவில்லை.

பதினொரு மணி இருக்கும். அன்னவாசல் கடைவீதி, மருந்துக் கடையைத் தாண்டி. தையற்கடை செல்வி சாலையோரம் துணிப் பையோடு நின்றாள். நான் வண்டியை நிறுத்தி வழி விட்டேன். அவள் என் முன்னால் கடந்து நடுச்சாலைக்கு வந்தபோது, பின்னாலிருந்து பைக்கில் வந்த ஒருவன் என்னை வலப்பக்கம் முந்திப் போய் அவளை இடித்துத் தள்ளினான். வலது கால், முழங்காலுக்குக் கீழே. மிஷின் மிதிக்கிற கால். கத்தவில்லை அவள். முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அவனும் விழுந்தான். முகவாயில் சிராய்ப்பு. குன்றாண்டார்கோவில் பக்கம், சென்ட்ரிங் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். தரையில் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்கிறான்:

"நீங்க பாட்டுக்கு நடுரோட்டுல நிப்பாட்டுனா நான் எங்கிட்டும்மா போவேன்?"

ஹெல்மெட் எங்கே, வண்டியின் கண்ணாடிகளைக் கழற்றி எந்தப் பழைய இரும்புக் கடையில் போட்டாய் என்றேன். கூட்டத்தில் யாரோ, "போஸ்டாபீஸ் அம்மா கேக்குறாங்கள்ல. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார்கள். சிரிப்பு. ஒருத்தி கால் ஒடிந்து கிடக்கிறாள், சிரிப்பு.

ஆட்டோவில் ஏற்றிப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரி.

ஜூலை 9, புதன்

காற்று அப்படியே. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வீட்டுக்கே வந்தார். "நடந்ததச் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்." அவர் எழுத்தை எனக்குத் தெரியும். நானே எழுதினேன். ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. அவனுக்கு ஹெல்மெட் இல்லை. கண்ணாடி இல்லை. கடைவீதியில் அந்த வேகம். முந்தும்போது ஹாரன் இல்லை.

படித்துவிட்டு, "அம்மா மாதிரி எல்லாரும் ஓட்டுனா எங்களுக்கு வேலையே இருக்காதுங்க" என்றார்.

கேட்கப் பிடித்திருந்தது. காபி கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

பேங்க். பாஸ்புக் மிஷின் ரிப்பேர்.

போக வர பார்த்தவை: ஒரே பைக்கில் நான்கு பேர், நடுவில் கைக்குழந்தை. சைடு ஸ்டாண்டு மடக்காமல் ஒருவன். சைகை செய்தால் என்னைப் பார்த்து இளிக்கிறான். பட்டப்பகலில் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறது. இண்டிகேட்டர் இடப்பக்கம், திரும்புவது வலப்பக்கம். முதுகுக்குப் பின்னால் ஓயாத ஹாரன். போஸ்டாபீசில் இருந்த காலம் முதல் முப்பத்தாறு வருஷம் ஓட்டுகிறேன். கணவர் இருந்தவரை மொபெட், அவர் போனபின் ஸ்கூட்டர். ஒரு கீறல் கிடையாது. மனிதர்களுக்கு வண்டியை விற்கிறார்கள், புத்தியை யார் விற்பது.

மாலை. மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். ஒன்றை எழுதவில்லை. ஏட்டிடம் கொடுத்ததிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

செல்வி தானாகக் கடக்கவில்லை. தயங்கித்தான் நின்றாள். தலையைக்கூட ஆட்டினாள், நீங்கள் போங்கள் என்று. நான்தான் கையைக் காட்டி வா, வா என்றேன். என் வண்டியில் கண்ணாடி இரண்டும் இருக்கின்றன. தினம் துடைக்கிறேன். கையைக் காட்டுமுன் ஒன்றையும் பார்க்கவில்லை.

வழி விடுவது எனக்குப் பிடிக்கும். கடை வாசலில் நாலு பேர் பார்ப்பார்கள். அதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆவூர் மாதா கோயில். பூசைக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டேன், ஒரு கூலிக்காரனைக் கூட்டத்தில் வைத்துத் திட்டினேன் என்றேன். கை காட்டியதைப் பற்றிச் சொல்லவில்லை. பாவத்தை ஒளித்துச் செய்த சங்கீர்த்தனம் செல்லாது. கான்வென்ட்டில் ஏழு வயதிலேயே மனப்பாடம். பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்காமல் திரும்பினேன்.

ஜூலை 14, திங்கள்

தூறல் நாலு சொட்டு. பால் அரை லிட்டர். பால் பூத்தில் இரண்டு பெண்கள்:

"செல்விக்குக் கட்டுப் போட்டுக் கூட்டியாந்துட்டாங்க."

"தெரியுமே. அவ புருசன் வையிறது எங்க தெரு வரைக்கும் கேக்குது."

"கால் ஒடிஞ்சவளயா?"

"பின்ன, காலு நல்லாருக்கவள வஞ்சா ஓடிப்போயிருவால்ல."

இரவு முழுவதும் இடது முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

செல்வி வீட்டுக்குப் போனேன். வண்டி எடுக்கவில்லை, நடந்தேன். ஆரஞ்சு ஒரு கிலோ.

அவள் கட்டிலில். புருஷன் முருகேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"இங்கிட்டு ஒக்காருங்கம்மா. ஆட்டோக்காரன் பொண்டாட்டிக்கு ரோட்டக் கடக்கத் தெரியல பாத்தீங்களா? கேட்டா, நீங்க கையக் காட்டுனீங்களாம், அதான் வந்தாளாம். ஒங்க மேல பழியப் போடுறா. நாக்கு அழுகிப்போகும்டின்னேன்."

செல்வி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

அவள் சொன்னது உண்மை என்றேன். கை காட்டியது நான், பின்னால் பார்க்காமல் காட்டினேன்.

முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டார். "அவ வசவு வாங்கக் கூடாதுன்னு சொல்றீங்க. இந்த மனசு யாருக்கும்மா வரும்?"

மறுபடி சொன்னேன். மறுபடி கும்பிட்டார். "பாத்துக்கடி, இவுகளப் போயி சொன்னியே." நான் வந்ததனால் அவளுக்கு இன்னும் ஒரு வசவு.

ஜூலை 16, புதன்

காலை ஒன்பதுக்கு ஸ்டேஷன். புதிதாக எழுதிக்கொண்டு போனேன். முதல் வரி: செல்வியைச் சாலையைக் கடக்கச் சொல்லிக் கை காட்டியது நான். இரண்டாவது: அதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, வண்டியை நிறுத்தப் போகிறேன் என்று பின்னால் வருகிறவனுக்குச் சைகையும் செய்யவில்லை.

ஏட்டு தலையைச் சொறிந்தார். "எதுக்கும்மா இது? ஒங்கள யாரு கேட்டா?"

அவன் ஹெல்மெட் போடாதது அவன் குற்றம், இது என் குற்றம், இரண்டையும் சேர்த்து வையுங்கள் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். காகிதத்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நகலோடு செல்வி வீடு. முருகேசன் நின்றபடியே படித்தார். ஸ்டேஷன் சீலைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தைக் கட்டிலில் அவள் பக்கம் வைத்துவிட்டு, நெடுநேரம் அவள் கால் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்வி அதைத் தொடவில்லை. அன்றைக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் கீழ கெடக்கேன். நீங்க அந்தாளுக்கிட்ட ஹெல்மெட் எங்க, கண்ணாடி எங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு ஒங்க வாயத்தாம்மா பாத்துக்கிட்டே கெடந்தேன்."

கிளம்பினேன். வாசல் வரை யாரும் வரவில்லை.