சீட்டில் இருந்த வரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு அவ்வளவு சுகமாக இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடித் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்ததை ஆள் வைத்து அடைத்தாயிற்று. கடையில் வேலைக்குக் குறைவில்லை, ஊரில் பல் விழுவது நின்றுவிடவா போகிறது, கட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். போனிலேயே சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் நீ "அது ஒரு ஜோக்குப்பா, இன்னுமா அதையே பிடிச்சுட்டுத் தொங்குறீங்க, மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் உனக்குச் சோறு இறங்காது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது போனில் ஊர் அரசியல் பேசுகிற குழுவில் எழுதுவதற்கு எனக்குச் 'சாணைக்கல்' என்று பெயர் வைத்து ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாய், அது என் போனிலும் உன் போனிலும் திறந்தே கிடந்தது, நான் இங்கே பல் செட்டை ராவிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீ அங்கிருந்தபடி நாலு குத்து குத்திவிட்டுப் போவாய், எது அப்பன் எழுதியது எது மகள் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எதிர்க்கட்சிக்காரர்களில் நம்மிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் 'பழைய சைக்கிள்' என்ற பெயரில் எழுதியவர். போன வருஷம் ஒரு நாள் அவர், மனைவி ஐசியூவில் இருக்கிறாள், கொஞ்ச நாள் எழுத மாட்டேன், திட்டுகிறவர்கள் அப்புறம் திட்டிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே நம் கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது. அது நான் எழுதியது இல்லை. மத்தியானம் கடையில் போன் விடாமல் துடித்தது, எடுத்துப் பார்த்தால் முந்நூறு பேர் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கடைக்கு வந்த இரண்டு பேரிடம் காட்டினேன், சாயங்காலம் உனக்குப் போன் போட்டு பலே என்றேன். மூன்றாம் நாள் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். அப்போதாவது அந்த வரியை எடுத்திருக்கலாம், எடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அவர்கள் கூட்டம் படம் பிடித்துப் போட்டுக் கும்மியடிக்கும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குழுவை நடத்துகிற ரிட்டயர்டு கண்டக்டர், இனிமேல் இந்தச் சண்டையை என்னால் மேய்க்க முடியாது, நேரில் வந்து முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள் என்று இரண்டு கட்சிக்காரர்களையும் டிரைவிங் ஸ்கூல் மாடிக்குக் கூப்பிட்டார். சுவர் முழுக்க வேகத்தடை, இடப்பக்கம் திரும்பாதே என்று படங்கள், நடுவில் மேஜை, எதிரெதிரே நாற்காலி. கண்டக்டர் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வைத்த விதி ஒன்றுதான்: உன்னை ரொம்பப் புண்படுத்திய வரி எதுவோ அதை ஒரு சீட்டில் எழுதி எதிரில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி உன் முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும், சமாளிக்கக் கூடாது, ஒரு வார்த்தை விடக் கூடாது. எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர்தான் பழைய சைக்கிள். ஏதோ குண்டர் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும், லிஃப்ட் மெக்கானிக்காம். நான் கொடுத்த சீட்டில் இருந்தது உன்னைப் பற்றி அவர் எழுதியது. "உன் வாய்க்குப் பயந்துதான் உன் பொண்ணு கடல் தாண்டி ஓடிப்போச்சு" என்று தடுமாறாமல் படித்துவிட்டு, "தப்புதாங்க, பெத்தவன்கிட்ட சொல்ற பேச்சா இது" என்றார். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அப்புறம் அவர் தன் சீட்டை நீட்டினார்.

பிரித்தால் அந்த ஐசியூ வரி. இது என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொன்னால் யாருடையது என்று கேட்பார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படித்தேன். "கவலைப்படாதீங்க சைக்கிள், வீட்ல ஒரு ஓட்டு குறைஞ்சாலும் குறையாட்டியும் உங்க கட்சி தோக்கத்தான் போகுது." நீ எழுதும்போது இது ஒரு வரி. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பார், எவ்வளவு நீளம் என்று தெரியும். அவர் கோபப்படவில்லை. சும்மா தகவல் சொல்கிற மாதிரி, "அவ ஒரு தடவைகூட எங்க கட்சிக்குப் போட்டதில்லீங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து உங்க கட்சிதான். அதனால எங்க வீட்ல எலெக்ஷன் அன்னிக்கு மட்டும் தனித்தனியாப் போவோம். குறைஞ்சது உங்க ஓட்டு" என்றார். பின்னால் யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். கண்டக்டருக்கு விசில் ஊதக்கூடத் தோன்றவில்லை.

டீ குடிக்கும்போது அவருடைய கீழ் செட் ஆடுவதைப் பார்த்தேன், ஒவ்வொரு பேச்சுக்கும் நாக்கால் அதைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார், மனைவி போன பிறகு உடம்பு வற்றி ஈறும் வற்றிவிட்டது. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, உனக்கும் அது வராது, என்னிடமிருந்து வந்ததுதான். கடைக்கு வாங்க, வேற கட்டித் தர்றேன் என்றேன். "விஷம் தடவிடமாட்டீங்களே" என்றார். வந்தார். முதல் நாள் அச்சு எடுத்தேன், அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து மூன்று மணி நேரம் சண்டை போட்டார், வரி, சாலை, பள்ளிக்கூடம், ஒன்றில்கூட ஒத்துப்போகவில்லை. கடைசியில் பேச்சு பெரியாஸ்பத்திரி லிஃப்டில் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கே அவர்தான். கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டக் கூடாது என்று பூட்டு போட்டுவிட்டு, எங்கள் ஆட்சியில் மூன்று தடவை, அவர்கள் ஆட்சியில் நாலு தடவை எழுதிக் கேட்டிருக்கிறார். புதுக் கயிறு வரவே இல்லை. அவருடைய மனைவியை மூன்று மாடி படியில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தவர் இவர். "பூட்டுன சாவி என் பாக்கெட்லயே இருந்துச்சுங்க" என்றார். அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம், சாணைக்கல், பழைய சைக்கிள் என்று இரண்டு பெயரையும் போட்டுக் குழுவில் ஏற்றினோம். இரண்டு கட்சிக்காரர்களும் எங்களை விலைபோனவர்கள் என்று திட்டினார்கள். அந்தத் திட்டை அவர் வாய்விட்டுப் படிக்க, செட் நழுவ, நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு இந்த ஊரில் அப்படிச் சேர்ந்து சிரிக்க ஒரு ஆள் கிடைத்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா.

அங்கேதான் புத்தி கெட்டேன். அவர் என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. மூன்றாவது தடவை வந்தபோது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேருகிற கடியைப் பார்ப்பதற்காக அவர் வாயில் மெழுகை வைத்து, அசையாமல் கடித்துக்கொண்டிருங்கள் என்றேன். வாயைத் திறக்க முடியாது அல்லவா, அந்த நேரம் பார்த்துச் சொன்னேன். அந்த வரி நான் எழுதியது இல்லை, என் பெண் எழுதியது, நான் சிரித்தேன், எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான் என் பங்கு என்று. பெற்ற பெண்ணை இரண்டு நிமிஷத்தில் விற்றேன். நீ அவரைக் குத்தியதும் ஆள் எதிரில் இல்லாதபோது, நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததும் ஆளுக்கு வாய் இல்லாதபோது, ஒரே ரத்தம். அவர் மெழுகைத் தானே எடுத்து மேஜையில் வைத்தார், ஓரம் நசுங்கிப் போயிருந்தது. "அன்னிக்கு நீங்க வாய் கூசக் கூசப் படிச்சீங்க. அந்த முகத்தைப் பார்த்துத்தான் போகட்டும்னு விட்டேன். அது உங்களுது இல்லன்னா, நான் விட்டது யாரை?" என்று கேட்டார். உங்க பொண்ணுக்கு வயசு என்ன என்றார், முப்பத்தொன்று என்றேன். சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் மன்னிக்கலாம் என்று பார்த்திருப்பார் போலிருக்கிறது. எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை, போனை எடுப்பதில்லை, மனுவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் என் அலமாரியில் கிடக்கிறது.

அவர் ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்ட அம்மாவிடம் அந்த வரியை நான் எழுதியதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து தட்டை வைக்கிறாள், பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள், "நாளைக்கு நான் படுத்தா, எனக்கும் எவனாவது இப்படி எழுதினா நீங்க சிரிப்பீங்களா?" என்று. நீ எழுதியது என்று அவளிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. நீயே சொல்வாய் என்று விட்டு வைத்திருக்கிறேன், ரொம்ப நாள் விட்டு வைக்க மாட்டேன்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். கண்டக்டர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை மாடிக்கு வருகிறேன், அந்த வரியை எழுதியவர் வாயால் கேட்க வேண்டும், மன்னிக்கிறேனா இல்லையா என்பதை அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கும் அதுதான் வேண்டும், இதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பதினொரு மணி, உனக்கு என்ன மணி என்று நீயே பார்த்துக்கொள். என் போனை மேஜையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, உன் நம்பரைப் போடுவேன். மீட்டிங், தலைவலி, டவர் இல்லை என்று முன்கூட்டி எதுவும் எழுதி அனுப்பாதே, நம்ப மாட்டேன். எழுத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதே, எழுத்தில் நீ கெட்டிக்காரி என்பது அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நீ எப்படி நடந்துகொண்டாலும் உண்டு, அதை எங்களாலேயே நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த வரியைத் தனியாக உட்கார்ந்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார். பன்னிரண்டு மணிக்கு நீயே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே, பதினொன்று என்றால் பதினொன்று, அவர் நேரத்துக்கு வருகிற மனிதர். நீ எடுக்காவிட்டால் நான் அந்த வரியை மறுபடி படிக்க மாட்டேன். மணி அடித்து ஓய்கிற வரைக்கும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா