உருளும் பின்னைப் பிடிக்க ஒரு கட்டை

பாளையம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

முனீஸ்வரி எழுதுகிறேன். நானும் நம் மகள் சுபலட்சுமியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. கோயம்புத்தூரில் நீங்கள் காவல் பார்க்கும் குடோன் முகவரியை உங்கள் கூட்டாளி ராம்குமார் அண்ணனிடம் வாங்கினேன். சொல்லாமல் போனதற்குச் சண்டை போட எழுதவில்லை.

இங்கே மழை இல்லை. ரெட்டியபட்டியில் என் அண்ணன் போட்ட பருத்தி காய்ந்துவிட்டது. சுபாவுக்கு முன்பல் விழுந்தது.

நீங்கள் போன பிறகு, உங்கள் சட்டையை எடுக்கப் பட்டறைக்குப் போனேன். உங்கள் வலது கை விரல்கள் போன அதே டிரில்லிங் மிஷினில், அதே மாதிரி, தறிக்குப் போகும் உருளை இரும்புப் பின்னைக் குறட்டால் பிடித்து, புது ஆள் ஒருவர் துளை போட்டுக்கொண்டிருந்தார். பின் குறட்டுக்குள் உருண்டது. சுவிட்சை அணைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி வந்து, "ஏம்மா, இன்னைக்கு லோடு போகணும், எந்திரி" என்றார். "பின்னைப் பிடிக்க ஒரு ஏற்பாடு செய்யுங்கண்ணே, எந்திரிக்கிறேன்" என்றேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் புது ஆளே, "அக்கா சொல்றது சரிதாண்ணே, எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் முதலாளி வி பிளாக்கு என்ற கட்டையைச் செய்தார். இரண்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்து இறுக்கி, இரும்பைச் சீவும் ஷேப்பிங் மிஷினில் ஒன்றாகவே ஆங்கில எழுத்து வி போலப் பள்ளம் வெட்டினார். தனித்தனியாக வெட்டினால் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, பின் சாய்ந்துவிடுமாம். சற்று இடைவெளி விட்டு இரண்டையும் வைத்து, பள்ளத்தில் பின்னைப் படுக்கவைத்து, மேலே கிளாம்பைத் திருகினால் பின் அசைவதில்லை. நடு இடைவெளியில் துளை இறங்குகிறது. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான், மாமா. இத்தனை வருஷத்தில் இதைச் செய்ய யாருக்கும் ஒரு நாள் கிடைக்கவில்லை.

இப்போது அந்த மிஷினில் நான் வேலை பார்க்கிறேன். நானாகத்தான் கேட்டேன். முதல் துளை நேர் நடுவில் விழுந்தது என்று முதலாளி எல்லோரிடமும் காட்டினார். எனக்குச் சந்தோஷமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நேற்று எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். பின்னை வைக்க, கிளாம்பைத் திருக, கைப்பிடியை இறக்க, இடது கை ஒன்றே போதும். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வேலைக்காக வரவேண்டும் என்றில்லை. சுபா உங்களைக் கேட்கிறாள். மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். கை இன்னும் வலிக்கிறதா என்று மட்டுமாவது எழுதுங்கள். இடது கையால் எழுதினால் கோணலாகத்தான் வரும். நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
முனீஸ்வரி