சனிக்கிழமை காய்ந்த தோல்

நேற்று, சனிக்கிழமை மத்தியானம், இக்காஸ்ட் ஊரில் காருக்கு டீசல் அடித்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி கீச்சிட்டது. உங்கள் எழுதும் அறையின் ஈரப்பதம் இருபத்தெட்டு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. நீங்கள் காலமாகி ஒரு மாதமாகிறது. முன்பு ஏர்கண்டிஷன் வேலைக்கு வந்தபோது நான் சுவரில் பூட்டிய ஈரப்பதமானி இன்னும் என்னிடம்தான் முறையிடுகிறது.

நீங்கள் விலங்குத் தோலில் கையால் எழுதிவந்த யூத வேதச் சுருளின் கடைசித் தோல் மேசையில் கிடந்தது. இன்னொருவர் வந்து அதை முடிக்கவேண்டும். இந்த நாட்டுப் பனிக்காலத்தில் ஹீட்டரைப் போட்டால் அறை அப்பளமாய்க் காய்ந்துவிடும்; தோல் சுருங்கும், மை வெடிக்கும். மற்ற எழுத்தைச் சுரண்டித் திருத்தலாம், கடவுளின் பெயரைச் சுரண்ட முடியாது, அது கெட்டால் தோலையே புதைக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லி என்னைப் பயமுறுத்தினீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னும் ஒரு சனிக்கிழமை அறையின் ஈரமூட்டி இயந்திரம் நின்றுபோனது. சனி இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை எந்த வேலையும் செய்யாத உங்கள் ஓய்வுநாளில் நீங்கள் தொலைபேசி எடுக்கமாட்டீர்கள் என்பதால் ஓகூஸில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். உள்ளே இருத்தி கேக் தந்தீர்கள், இயந்திரத்தைத் தொடவிடவில்லை. நான் யூதன் இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன்.

"எனக்காக நீ செய்தால் அது நான் செய்த மாதிரித்தான்," என்றீர்கள்.

பக்கத்து அறையில் மாதக்கணக்கான உழைப்பு காய்ந்துகொண்டிருக்க, நீங்கள் என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தீர்கள். எனக்கு அப்படியொரு கோபம். அந்தத் தோல் கெட்டது. நீங்கள் புதிதாகத் தொடங்கினீர்கள்.

நேற்று உங்கள் மகளுக்குத் தொலைபேசி அடித்தேன். ஈரமூட்டி ஓடவில்லை, தான் ஓய்வுநாள் பார்ப்பதில்லை, தனக்கு எல்லா நாளும் ஒன்றுதான், உடனே வாருங்கள் என்றார். போனேன். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் இறங்க முடியவில்லை. இருட்டும்வரை காத்திருக்கப் போவதாக மனைவிக்கு அடித்துச் சொன்னேன்.

"எங்கட ஞாயிறு பூசைக்கே பிந்தித்தான் வாறனியள். இப்ப அவையின்ர சனிக்கிழமையும் அனுட்டிக்கிறியளோ?" என்றாள்.

வெளிச்சம் போய் நட்சத்திரம் தெரியும்வரை காருக்குள்ளேயே இருந்தேன். எண் இறங்கிக்கொண்டே போனது. பிறகு மேலே போய் இயந்திரத்தைச் சரிசெய்தேன், பெரிய வேலை இல்லை. தோலைக் குனிந்து பார்த்தேன். கடவுளின் பெயரில் மை பிளந்திருந்தது.

என் கார் வெகுநேரமாய் நின்றதை உங்கள் மகள் ஜன்னலால் பார்த்திருக்கிறார்.

"அப்பா உயிரோடு இருந்திருந்தால் சரி. நீங்கள் யாருக்காகக் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

உங்களுக்காக என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கடைசியாக எழுதியதைத்தானே காயவிட்டேன். இரவு முழுக்க யோசித்தேன். இன்னொரு சனிக்கிழமை இப்படி வந்தாலும் இருட்டாமல் காரைவிட்டு இறங்கமாட்டேன். அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.