மாப்பிள்ளை நீட்டிய கை

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். பேனாவைப் பிடித்தாலாவது நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

கிரேன் ஆபரேட்டராகி நீ அந்தத் தொழிற்சாலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு நடை வந்து தங்கச்சியைப் பார்க்கத் தோன்றவில்லை, இல்லையா? ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் வரட்டுமா? உன்னை ஏதாவது சொன்னால் இவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. "மச்சான் கேபின்ல உட்கார்ந்தா நானே உட்கார்ந்த மாதிரி" என்கிறார். இவர் இன்னும் உங்கள் கம்பெனியின் பழைய ஷெட்டில் ஒப்பந்த ஆளாகக் கம்பி வெட்டிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நாளாகச் சீக்கிரம் களைத்துப்போகிறார். கேட்டால் "வேலை ஜாஸ்தி" என்று ஒரே பாட்டு. நானும் முன்போல் இல்லையாம், பக்கத்தில் வந்தால் தள்ளித் தள்ளிப் போகிறேனாம். வயிற்றுச் சுமை என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மூன்று கரண்டிச் சீனி போட்டு டீ குடிக்கிற ஆள் மெடிக்கலில் எப்படித் தேறினாய் என்பது எனக்கு இன்னும் அதிசயம்தான். அந்த ரகசியத்தை எனக்காவது சொல்.

அன்புத் தங்கச்சி


ஏப்ரல் 19

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் வரவில்லை. கோபப்படாதே.

ஒரு விஷயம். பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்து நீயும் மாப்பிள்ளையும் போய் ரத்தம் முழுவதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஈரலையும் சேர்த்துப் பார்க்கச் சொல். அவர் சவரம் செய்யும் பிளேடை வேறு யாரும் தொட வேண்டாம். ஏன் என்று கேட்காதே, இங்கே கம்பெனி நோட்டீஸ் பலகையில் இப்படிப் பொதுவாகப் போட்டிருந்தார்கள். என் சர்க்கரைக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணா,

ஈரலைப் பற்றி ஏன் எழுதினாய்? யார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? நோட்டீஸ் பலகையை நின்று படிக்கிற ஆளா நீ? உன் கடிதத்தை இவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மனதில் இருப்பதைச் சொல். சொல்ல முடியாதென்றால் எழுதாதே.

தங்கச்சி


மே 8

தங்கச்சிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைத் தனியாக இருக்கும்போது படி.

டிசம்பரில், நிரந்தர வேலை கொடுப்பதற்கு முன் கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். சர்க்கரையோ பிரஷரோ கூடுதலாக இருந்தால் கிரேன் கிடையாது. எனக்குச் சர்க்கரை முன்னூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒப்பந்த ஆட்களுக்குப் பரிசோதனையே இல்லை என்பதால் மாப்பிள்ளை சும்மாதான் இருந்தார். "மாப்ளே, எனக்காக ஒரு தடவை கையை நீட்டிட்டு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே என் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அட்டையில் இருந்த படம் பன்னிரண்டு வருடப் பழசு. அதில் நானும் அவர் மாதிரி ஒல்லிதான். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "சர்க்கரை, பிரஷர் எல்லாம் பிரமாதம். ஆனா ரத்தத்துல ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கு, ஈரலைப் பாதிக்கும். வேலைக்குத் தடையில்ல, கூட வேலை செய்றதால யாருக்கும் தொத்தாது. ஆனா மனைவிக்கு உடனே டெஸ்ட் பண்ணணும். கர்ப்பமா இருந்தா, குழந்தை பொறந்த அன்னைக்கே ஊசி போட்டாகணும்" என்றார். "எனக்குக் கல்யாணம் ஆகலை சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ அப்போது மூன்று மாதம்.

மறுபடி ரத்தம் கேட்டார்கள். வைரஸை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் என் கையையே நீட்டினேன். இல்லை என்று வந்தது. முதல் தடவை ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று டாக்டரே கைகுலுக்கினார். இரண்டு பேர் ரத்தத்தில் நல்லதை மட்டும் பொறுக்கி, நோயே இல்லாத ஒரு ஆளைச் செய்து கிரேனில் ஏற்றி வைத்திருக்கிறேன், தங்கச்சி.

சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆஸ்பத்திரியில் உனக்கு எப்படியும் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ.

அண்ணன்


மே 17

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். ஜனவரியிலேயே பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியை டாக்டரம்மா என் சீட்டின் தலையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று அவர் நான்கு முறை சொன்னார். நான் கூட்டிப்போகவில்லை. எப்படி வந்தது என்று இவர் கேட்டால் என்ன சொல்வேன்? என் நடத்தையைச் சந்தேகப்படுவாரோ என்று ஒரு பயம், நானே இவருக்குக் கொடுத்துவிட்டேனோ என்று ஒரு பயம். இவர் களைத்துப்போய் உட்காரும்போதெல்லாம் என்னால்தான் என்று அடுப்படியில் நின்று அழுதேன். நீ ஈரல் என்று எழுதியதும் என் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். டிசம்பரில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் அந்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருப்போம், அண்ணா. நான்கு மாதம் நான் தனியாகக் கூனிக்குறுகிக் கிடந்திருக்க வேண்டியதில்லை.

நேற்று இவரிடம் என் விஷயத்தைச் சொல்லி அழைத்துப் போனேன். இவருக்கும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இனிமேல் சொல்ல முடியாதாம். மருந்து இருக்கிறது, விடாமல் வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

நீ கிரேனை விட்டு இறங்கு. உனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தால் தொங்குகிற இரும்பு யார் தலையில் விழும்? உன் டாக்டரிடம் போய் உன் வாயால் சொல். என்னைச் சொல்ல வைக்காதே.

உனக்காக இவர் கையை நீட்டிய அந்தப் பரிசோதனையில் என்ன தெரிய வந்தது என்பதையும் இவரிடம் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை. கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மச்சானுக்கு இது எப்பத் தெரியும்?"

"போன வாரம்தாங்க" என்றேன்.

நம்பிவிட்டார். "பாவம், பதறிப்போயிருப்பாரு. குழந்தை பொறந்ததும் மொதப் போன் மச்சானுக்குத்தான்" என்றார்.

அந்தப் போன் வரும். நீ போன வாரம் என்பாயா, டிசம்பர் என்பாயா, எனக்குத் தெரியாது. உனக்காக நான் சொன்ன பொய் அந்த ஒன்றோடு முடிந்தது.

தங்கச்சி