பாசார் வரைக்கும் ஒரு டிக்கெட்

புந்தோங், ஈப்போ
11.11.1979

அன்பு மகன் கார்த்திகேசுவுக்கு அம்மா எழுதுவது. கல்லுமலை முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகள் ஜேனட்டும் அந்த லண்டன் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இருவரும் வருகிறீர்கள் என்று படித்ததும் அப்பா வாசலுக்குச் சாயம் அடிக்கக் கிளம்பிவிட்டார். ஜேனட்டுக்கு டாக்சியில் சுற்றப் பிடிக்காது, எந்த ஊருக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறித்தான் பார்ப்பாள், ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்றதும் நீங்கள் புந்தோங்குக்கு வந்ததே நான் கப்பலேறிய பிறகு, எனக்கு டவுன் பஸ் எதுவும் தெரியாது, விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில், தங்கச்சி தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் இருப்பது ஜேனட்டுக்கு இன்னும் தெரியாது, நீங்களும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், கறி தீய்ந்து கிடக்கிறது. அப்பா அதையே போட்டுச் சாப்பிட்டார்.

சரி, கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். ரயில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பஸ் நிலையம். பஸ்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் பலகையை நம்பி ஏறாதீர்கள், சில டிரைவர்கள் அதை மாற்றுவதே இல்லை, வாய் விட்டுக் கேட்டு ஏறுங்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு கிளம்புங்கள், இல்லாவிட்டால் ஜேனட் ஊரைப் பார்க்க மாட்டாள், நிற்கிறவர்களின் முதுகைத்தான் பார்ப்பாள். கண்டக்டர் “மாசோக் டாலாம், மாசோக் டாலாம்” என்று கத்துவான், திட்டுகிறான் என்று அவள் பயந்துவிடப் போகிறாள், உள்ளே தள்ளிப் போகச் சொல்கிறான் என்று முன்பே சொல்லி வை. கோப்பெங் போகும் பஸ்ஸில் ஏறினால் சீனர்களின் குகைக் கோயிலுக்குப் பக்கத்தில் இறங்கலாம், உள்ளே குளத்தில் ஆமைகள் கிடக்கும், வாசலில் கீரைக்கட்டு விற்பார்கள், வாங்கிப் போடட்டும். கோலா கங்சாருக்கு ஒரு முழு நாள் வேண்டும், தங்கக் கும்பம் வைத்த பள்ளிவாசலையும் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிடுங்கள், கடைசி பஸ்ஸை நம்பினால் நான் இங்கே வாசலில் நின்றே செத்துவிடுவேன். மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம், பஸ் ஜன்னல் பாதிக்கு மேல் இறங்காது, குடை எடுத்துக்கொள், லண்டன்காரன் ஆகிவிட்டாய் என்பதற்காக ஈப்போ மழை உனக்கு மரியாதை கொடுக்காது. பஸ்ஸில் கொறிக்க நம் தெருவில் வறுக்கும் கச்சான் பூத்தே கடலை வாங்கித் தருகிறேன்.

இனி தம்பூன். வெந்நீர் ஊற்றையும் பொமெலோ பழக் கடைகளையும் பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் டாக்சி ஏற்பாடு செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லா இடத்துக்கும் பஸ், தம்பூனுக்கு மட்டும் டாக்சி. ஏன் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த ரோட்டில் போவது தஞ்சோங் ரம்புத்தான் பஸ். அதில் ஏறி, நமக்குத் தெரிந்தவர் யாராவது ஜேனட் முன்னால் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று உனக்குப் பயம். இந்தப் பயம் உனக்கு மட்டும் இல்லை, அந்த பஸ்ஸுக்கே உண்டு. அதில் ஆஸ்பத்திரிக்கு என்று யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். எல்லோரும் பாசாருக்குத்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரி கேட்டைப் பார்க்காதவர்கள் மாதிரி தாண்டிப் போய், பாசாரில் இறங்கி, வந்த ரோட்டிலேயே வெயிலில் திரும்பி நடப்பார்கள். நானும் ஞாயிறு தவறாமல் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன மாதம் அந்த பஸ்ஸில் என் பக்கத்தில் சாலிஹா வந்து உட்கார்ந்தாள். இங்கே அப்பா தினமும் தேத்தண்ணீர் குடிக்கப் போகும் சாப்பாட்டுக் கடைக்காரரின் மனைவி. என் மடியிலும் டிபன் கேரியர், அவள் மடியிலும் டிபன் கேரியர். எங்கேக்கா என்று கேட்டாள், “பாசாருக்குலா, காய்கறி வாங்க” என்றேன். “நானும் அங்கதாங்கா, மீன் வாங்க வாரேன்” என்றாள். பாசாரில் இறங்கி அவள் ஒரு பக்கம் போனாள், நான் ஒரு பக்கம் போனேன். கேரியரைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு சாலிஹா வருகிறாள். ஒருவர் கேரியரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள்தான், “பாத்தீங்களாக்கா, எவ்ளோ பெரிய மீன் கடை” என்றாள். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். அவளுடைய மூத்த மகன் உள்ளே இருக்கிறானாம், கடைக்கு வருகிறவர்களிடம் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும் அவள் எனக்கும் சேர்த்து “ஆஸ்பத்திரி, ரெண்டு” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்டில் நாங்கள் இறங்கும்போது பின்னால் இன்னும் மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் பாசாருக்கு டிக்கெட் வாங்கியவர்கள்.

தம்பி, உன் தங்கச்சி நவமணி இப்போது தெளிந்து இருக்கிறாள். அங்கே தையல் அறையில் உட்கார்ந்து தலையணை உறை தைக்கிறாள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். இன்று நான் போனபோது, அண்ணன் வருகிறான், அண்ணியும் வருகிறாள், வந்த முதல் ஞாயிறே உன்னைப் பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததில்லை, தெரிந்துதான் சொன்னேன், கோபப்பட்டால் பட்டுக்கொள். அவள் துள்ளவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, “அண்ணிக்கு நான் இருக்கேன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். உன்னைச் சுமந்து பெற்றவளாகக் கேட்கிறேன், நீங்கள் இங்கே வந்து இறங்குவதற்குள் அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடு.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது அப்பாவின் மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலம் ஒன்று வாங்கி வா, முன்பு அனுப்பியது தீர்ந்துவிட்டது. ஜேனட்டுக்கு என் ஆசிகளைச் சொல்.

இப்படிக்கு,
உனக்கும் நவமணிக்கும் அம்மா
செல்லாயி